ஞானதிரவியம் அண்ணாச்சிமேல் கட்டிய ஊர்

ஜனவரி இருபதாம் தேதி செவ்வாய்க்கிழமை, பால்காரர் வந்துபோன பிறகு, பேப்பர்காரர் வருவதற்கு முன்பு, அலையாற்றூர் நகராட்சியின் தண்ணீர்த் தொட்டிக்கும் பம்ப் அறைக்கும் பொறுப்பாளரான ஞானதிரவியம் அண்ணாச்சி அந்த அறையில் உட்கார்ந்தபடி காப்பி டம்ளரை எடுக்கக் கையைத் தூக்கியபோது, ஊர் முழுக்கத் தெருவிளக்குகள் ஒருமுறை எரிந்து அணைந்தன, அரசு ஆஸ்பத்திரியின் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றது, ரேஷன் கடையின் மிஷின் கீச்சென்று கத்தியது. அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்தார். மணிக்கட்டிலும் முழங்கையிலும் தோளிலும் இடுப்பிலும், மீன் பிடிக்கிற தங்கூசி நரம்பின் பருமனில், வெள்ளை வெளேரென்று இழைகள் கட்டியிருந்தன. அவை ஜன்னல் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் வெளியே போய், தெருக்களின் மேலே பரந்து, ஊரின் ஒவ்வொரு அலுவலகத்துக்குள்ளும் இறங்கியிருந்தன. கடற்கரையிலிருந்து வலைக்காரர்கள் நான்கு பேர் வந்து எண்ணிப் பார்த்து, இருநூற்றுப் பதினேழு என்று சொன்னார்கள்.

முடிச்சுகளையும் அவர்கள்தான் ஆராய்ந்தார்கள். சுருக்கு முடிச்சு இல்லை, வலை முடிச்சு இல்லை, ஆண்டாண்டு காலமாகத் தண்ணீரில் ஊறி இறுகிய முடிச்சு என்றார்கள். கருவாடு அறுக்கிற கத்தியை வைத்து அறுத்துப் பார்த்தார்கள். கத்திதான் மழுங்கியது.

நான் பிரகாசி. அதே நகராட்சியில் பிறப்பு இறப்புச் சான்றிதழ் கவுண்டரில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். பிறந்தவர்களுக்கும் செத்தவர்களுக்கும் நான்தான் ரப்பர் ஸ்டாம்ப். அந்த இழைகள் எங்கேயிருந்து வந்தன என்று வெளியூர்க்காரர்கள் கேட்டார்களே தவிர, எங்கள் அலுவலகத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எங்களுக்குத்தான் தெரியுமே.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் நகராட்சிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, தபால் வழியில் படித்துக் கற்றுக்கொண்டு, தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்துவிட அண்ணாச்சி ஒரு சின்னப் புரோகிராம் எழுதினார். அது சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க ஒரு ஆள் பெயர் தேவைப்பட்டது. ஊரான் பெயரைப் போடுவானேன் என்று தன் பெயரையே போட்டார். ஞானதிரவியம் இருக்கிறாரா என்று கேட்டால், ‘உள்ளார்’ என்று திரையில் பதில் வரும். அவருக்கு நேரில்கூட யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாது; அவர் எழுதின புரோகிராமுக்கும் தெரியவில்லை. அதனிடம் எந்தப் பெயரைக் கேட்டாலும் ‘உள்ளார்’ என்றது. அடுத்து வரி வசூல் புரோகிராம் எழுத வந்தவன், தன் பங்குக்கு எதையும் புதிதாகக் கட்டாமல், அண்ணாச்சி உள்ளாரா என்று கேட்டு, உள்ளார் என்று வந்தால் எல்லாம் நலம் என்று வைத்துக்கொண்டான். விளக்குக்கு எழுதினவன் வரியின்மேல் சாய்ந்தான், ஆஸ்பத்திரிக்கு எழுதினவன் விளக்கின்மேல் சாய்ந்தான், சாய்கிறவனுக்கெல்லாம் கடைசியில் அண்ணாச்சியே முதுகு கொடுத்தார். அது போதாதென்று அலுவலகத்தில் எல்லாரும் காலையில் வேலையைத் திறப்பது அவருடைய பாஸ்வேர்டை வைத்துத்தான். தனக்கென்று ஒன்று வாங்க வேண்டுமானால் மனு எழுத வேண்டும், மனு எழுத யாருக்கு நேரமிருந்தது. ஓடுகிறதைத் தொடாதே என்பதுதான் எங்கள் ஊரின் கம்ப்யூட்டர் சாஸ்திரம். ஆகவே இழைகள் எப்போதும் இருந்தவைதான். அன்றைக்குக் கண்ணுக்குத் தெரிந்தன, அவ்வளவே.

ஒரு வாரத்துக்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. பதினோரு அடிக்குமேல் உயரமான லாரிகள் புறவழிச் சாலையில் போக வேண்டும் என்று போர்டு வைத்தார்கள். மாதா கோயில் சப்பரத்தின் உச்சியை இரண்டு அடி குறைத்தார்கள், சந்தனக்கூடு ஊர்வலத்தில் கொடியைச் சாய்த்துப் பிடித்தார்கள், மாரியம்மன் கோயில் முளைப்பாரி எப்போதும் தலையளவில் போவதால் அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. காக்கைகள் ஆஸ்பத்திரி இழைகளில் உட்காரவில்லை, வரி ஆபீஸ் இழைகளில் வரிசையாக உட்கார்ந்தன. மேட்டுத் தெருப் பெண்கள் தாழ்வாகப் போன இழைகளில் ஈரச் சேலை உலர்த்தினார்கள். சேலையின் கனத்தில் அண்ணாச்சிக்குத் தோள்பட்டை வலித்தது.

முதல் ஞாயிறு அவர் கோயிலுக்குப் போக எழுந்தார். ஐந்தடி எடுத்து வைத்திருப்பார். ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளைச் சூட்டில் வைத்திருக்கிற பெட்டிகள் மூன்றும் அணைந்து, நர்சுகள் அலறுகிற சத்தம் மார்க்கெட் வரை கேட்டது. அண்ணாச்சி திரும்பிப் போய் உட்கார்ந்தார். பெட்டிகள் எரிந்தன. அன்றிலிருந்து அவர் அசையவில்லை, நாங்களும் அவரை அசையவிடவில்லை. நகராட்சித் தலைவர் பேச்சிமுத்து தன் அறையிலிருந்த மெத்தை நாற்காலியைக் கொடுத்தனுப்பினார். அதைப் பம்ப் அறை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனவள் நான்தான். சாமியார் நற்கருணையைக் கொண்டுவந்து கொடுத்தார், நாவிதர் வந்து முகம் மழித்தார், வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சாப்பாடு போனது, முதுகு சொறியக்கூட ஆள் போட்டோம். இப்படி ஒரு மரியாதை எங்கள் ஊரில் எம்.எல்.ஏ.வுக்குக்கூடக் கிடைத்ததில்லை. ஒரு மனிதனை நகரவிடாமல் செய்ய வேண்டுமென்றால், சங்கிலியைவிட மரியாதை நல்லது.

ஆனால் அவர் போக வேண்டியிருந்தது. அவருடைய மனைவி எஸ்தர் மைனி இருதய வால்வில் கோளாறென்று மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். பிப்ரவரி பத்தொன்பது வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆபரேஷன். பிள்ளைகள் இல்லை. மைனியின் தங்கை கூட இருந்தாள். மைனி போனில் பேசுவதைப் பக்கத்தில் நின்று நான் கேட்டேன். அவர் காதருகே போனைப் பிடித்திருந்தது நான்தானே.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்," என்றார் மைனி. "உள்ள தள்ளிட்டுப் போவும்போது உங்க முகத்த பாத்துட்டுப் போவணும். பாக்காம போனேன்னா நான் திரும்பி வரமாட்டேன்னு மனசுல கெடந்து அடிக்கி. ஊருக்கெல்லாம் இருக்கீங்க, எனக்கு ஒரு நாளு இருக்கக் கூடாதா?"

"வருவேன் எஸ்தரு," என்றார் அண்ணாச்சி.

தலைவர் பேச்சிமுத்து கெட்டவர் இல்லை. கூட்டம் போட்டார். அசையாத ஒன்றில் கட்டினால் போதும், மனிதன்தானே அசைவான் என்று யாரோ சொல்ல, எல்லாருக்கும் அது பிடித்துப்போயிற்று. அவிழ்க்க முடியாததால் ஐம்பது இழைகளை நடுவில் பிடித்து இழுத்து, லைட் ஹவுசில் இரண்டு சுற்று சுற்றினார்கள். நூற்றிருபது வருஷமாக எந்தப் புயலுக்கும் அசையாத கட்டடம் அது. சுற்றிய நிமிஷம் முதல் ஊரும் அசையவில்லை. காலை எட்டு மணிக்குக் கடற்கரைத் தெருவில் திறந்த தண்ணீர் சாயங்காலம் வரை அந்தத் தெருவிலேயே ஓடியது. மற்ற தெருக்களில் குடங்கள் காய்ந்தன. ரேஷன் கடை முதலில் வந்த குடும்பத்துக்கே நாளெல்லாம் அரிசி போட்டது. அன்று பிறந்த ஐந்து குழந்தைகளுக்கும், அதில் மூன்று ஆண், என் கவுண்டரில் ஒரே பெயர்தான் அச்சாகி வந்தது, அந்தோணியம்மாள். ராத்திரிக்கு முன்பே இழைகளைச் சுற்றுப் பிரித்துப் பழையபடி அண்ணாச்சியிடமே விட்டோம்.

அதற்குப் பிறகுதான் ஜுலைஹா வந்தாள். பக்கத்து ஊர்ப் பெண், நாற்பது வயதிருக்கும், பெங்களூரில் பெரிய பெரிய கம்பெனிகளுக்குப் புரோகிராம் எதன்மேல் எது நிற்க வேண்டும் என்று வரைந்து கொடுக்கிறவள். வீடு கட்டுகிறவனுக்குப் பிளான் போட்டுக் கொடுப்பதுபோல என்று தலைவர் எங்களுக்கு விளக்கினார். அவள் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. முதல் நாள் முழுக்க இழைகளின் கீழே நடந்தாள். இரண்டாம் நாள் லைட் ஹவுஸ் கதையைக் கேட்டுச் சிரிக்காமல் தலையை ஆட்டினாள்.

"அசையாம இருக்கிறது வேற, நிலைச்சு நிக்கிறது வேற," என்றாள். "கல்லுல கட்டுனா ஊரு கல்லாயிரும். ஆள்மேல கட்டுனா அந்த ஆளு செத்துருவாரு. ஒவ்வொரு இழைகிட்டயும் போயி, உனக்கு இவருகிட்ட என்னதான் வேணும்னு கேக்கணும்."

"இழை எப்படிம்மா பேசும்?" என்றார் தலைவர்.

"இழை பேசாது. இழைக்குப் பின்னால உக்காந்திருக்கிற ஆபீசரு பேசுவாருல்ல?"

அப்படித்தான் இழைகள் அவிழும் விதம் தெரியவந்தது. விளக்குப் பிரிவு மேஸ்திரியிடம் அவள் போய் உட்கார்ந்து, என்ன கேக்குறீங்க, எதுக்குக் கேக்குறீங்க என்று திரும்பத் திரும்பக் கேட்க, அவர் முதலில் பதினாறு வருஷமா இப்படித்தான் என்றார், பிறகு எனக்கு முன்னால இருந்தவர் செஞ்சது என்றார், பிறகு கோபப்பட்டார், பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "கரண்டு இருக்கான்னு தெரியணும். அவ்வளவுதான்," என்றார். அவர் வாய் மூடுவதற்குள் பம்ப் அறையில் அண்ணாச்சியின் முழங்கையிலிருந்து ஒரு முடிச்சு தானாகக் கழன்று விழுந்தது. ஒருவர் தனக்கு வேண்டியது என்ன என்று உள்ளபடி சொன்னால் இழை அவிழ்ந்தது. சுற்றி வளைத்தால் இன்னும் இறுகியது.

வேண்டியதைச் சொல்லுவது லேசான காரியம் என்று நினைக்காதீர்கள். எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர் அதற்காக மருத்துவ விடுப்பு எடுத்தார்கள். ஆனாலும் நாளுக்குப் பத்து, பன்னிரண்டு என்று இழைகள் அவிழ்ந்தன. அவிழ்ந்ததை எதில் கட்டுவது? ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தபோது, அத்தனை பேருக்கும் வேண்டியிருந்தது நான்கே கேள்விக்குப் பதில் என்று தெரிந்தது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, கரண்ட் இருக்கிறதா, இன்றைக்கு வேலை நாளா, இந்தப் பெயருடைய ஆள் இருக்கிறாரா. ஞானதிரவியம் என்ற மனிதர் யாருக்குமே தேவைப்படவில்லை. அதைக் கேட்டபோது அண்ணாச்சி சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஜுலைஹா நான்கு தாள்களில் நான்கு கேள்விகளையும் எழுதினாள். கேள்வி மாறாது, பதிலின் வடிவம் மாறாது, பதில் சொல்கிற ஆளோ மிஷினோ அறையோ எப்போது வேண்டுமானாலும் மாறலாம்; இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவுதான் ஒப்பந்தம். பொறுப்பாளர்கள் கையெழுத்துப் போட்டார்கள். மார்க்கெட் முச்சந்தியில் ஊர் பார்க்க அந்த வாசகங்களை அவள் வாய்விட்டுப் படித்தாள். அவிழ்ந்த இழைகள் பறந்து வந்து, முச்சந்தியின் நடுவில், ஆளும் தூணும் இல்லாத வெறும் ஆகாயத்தில், நான்கு முடிச்சுகளாக விழுந்து நின்றன. காற்றடித்தபோது ஆடின, அறுந்து விழவில்லை. தண்ணீர் தெருவுக்குத் தெரு ஒழுங்காகப் போனது. இரண்டே நாளில் யாரோ அந்த இடத்துக்கு மாலை கொண்டுவந்தார்கள், சின்னதாக ஒரு மண்டபம் கட்டலாமா என்று தலைவர் கேட்டார்.

"வேண்டாம் சார்," என்றாள் ஜுலைஹா. "மண்டபம் கட்டுனா நாளைக்கு அதுமேல சாய்வீங்க."

நான்காவது கேள்வியில் கையெழுத்துப் போட்டவள் நான். இந்தப் பெயருடைய ஆள் இருக்கிறாரா என்பதற்கு ஊரில் பதில் சொல்ல வேண்டிய இடம் பிறப்பு இறப்புக் கவுண்டர்தான். என் பெயரை அழகாக எழுதி, கீழே கோடும் போட்டேன். ஆனால் என் சொந்த இழையைப் பற்றி நான் ஜுலைஹாவிடம் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் மிக்கேல், பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு புரட்டாசியில் கடலுக்குப் போனவர். படகு வந்தது, கூடப் போன இரண்டு பேர் வந்தார்கள், அவர் வரவில்லை. உடலும் வரவில்லை. வராத உடலுக்கு நான் எப்படிச் சான்றிதழ் எழுதுவேன்? ஒவ்வொரு நாள் காலையும் கவுண்டரைத் திறக்கும் முன்பு, அண்ணாச்சியின் பாஸ்வேர்டைப் போட்டு, மிக்கேல் என்று தட்டுவேன். ‘உள்ளார்’ என்று வரும். அது எந்தப் பெயருக்கும் அப்படித்தான் சொல்லும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பதினோரு வருஷம் அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டுத்தான் ஊராரின் சாவுக்கு ஸ்டாம்ப் அடித்தேன். என் இழை அண்ணாச்சியின் சட்டைக்குள்ளே, காறை எலும்பில் கட்டியிருந்தது. வெளியே தெரியாது.

புதன்கிழமை சாயங்காலத்தோடு இருநூற்றுப் பதினாறு அவிழ்ந்தன. ஜுலைஹா தன் தாளைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். "ஒண்ணு கொறையுதே?"

அண்ணாச்சி என்னை ஒரு தரம் பார்த்தார். "எண்ணுனவன் பெசகா எண்ணியிருப்பான்," என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அப்போதும் எனக்கு இல்லை என்று சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் தன் பெண்டாட்டியின் உயிரைப் பணயம் வைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. இழை மெல்லியதுதானே, மதுரை வரைக்கும் நீளாதா என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

வியாழன் காலை எட்டு மணிக்கு அவர் எழுந்து நின்றார். இருபத்தைந்து நாள் உட்கார்ந்தே இருந்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு முதல் அடியை வைத்தார். ஊரே பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தது. ஒரு விளக்கு சிமிட்டவில்லை, ஒரு குழந்தையின் பெட்டி அணையவில்லை. பெண்கள் அழுதார்கள், தலைவர் சால்வை போட்டார், பஸ் புறப்பட்டது. நான் ஆபீசுக்குப் போய்க் கவுண்டரில் உட்கார்ந்தேன். எட்டே முக்காலுக்கு என் மேஜை தானாக ஒரு சாண் நகர்ந்தது. இழை வில் நாண்போல விறைத்து ஜன்னல் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தது. போன் அடித்தது. அண்ணாச்சியின் போனிலிருந்து கண்டக்டர் பேசினார்.

"யக்கா, பாலத்துகிட்ட பஸ் நிக்கி. சக்கரம் சுத்துது, வண்டி போவல. அண்ணாச்சி நெஞ்சப் பிடிச்சிட்டு ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லங்காவ. சட்டையெல்லாம் ரத்தமா இருக்கு."

எனக்குப் பின்னால் ஜுலைஹா நின்றாள். விறைத்த இழையைத் தொடர்ந்து ஓடி வந்திருக்கிறாள். திட்டுவாள் என்று நினைத்தேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, விளக்கு மேஸ்திரியிடம் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"என்ன கேக்குறீங்கக்கா?"

"பேரு சரிபாக்க..." என்றேன். மேஜை இன்னொரு சாண் நகர்ந்தது.

"என்ன கேக்குறீங்க?"

"பழக்கந்தான். தெனமும்..." ஜன்னல் கம்பி ஒன்று பிடுங்கிக்கொண்டு வெளியே விழுந்தது. போனில் யாரோ தண்ணீர் கொண்டாங்க என்று கத்தினார்கள். மைனியின் முகம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது திரும்பித் திரும்பி வாசலைப் பார்க்கிற முகம். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கடற்கரையில் நானும் அப்படித்தான் நின்று பார்த்தேன்.

"எங்க மிக்கேல் இருக்காவளான்னு கேக்கேன்," என்றேன்.

"அதுக்கு யாரு பதில் சொல்லணும்?"

"நாந்தான்."

இழை சத்தமில்லாமல் தளர்ந்து என் மடியில் விழுந்தது. போனில் பஸ் ஹாரன் அடித்து நகர்கிற சத்தம் கேட்டது. ஜுலைஹா எழுந்துபோய் வாசல் கதவைப் பாதி சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டாள்.

நான் படிவத்தை எடுத்தேன். பெயர், சூசை மிக்கேல். வயது, முப்பத்தெட்டு. இடம், கடல். தகவல் தருபவர், பிரகாசி. உறவுமுறை, மனைவி. பதிவு செய்பவர் என்ற இடத்திலும் பிரகாசி என்றே எழுத வேண்டியிருந்தது. பத்தொன்பது வருஷமாக மற்றவர்களுக்கு இரண்டே நிமிஷத்தில் எழுதித் தள்ளிய படிவம், எனக்கு மதியம் வரை ஆனது.

ஒன்றரை மணிக்கு அண்ணாச்சி கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

"வந்துட்டேன் பிரகாசி. எஸ்தரு கையப் பிடிச்சிட்டேன். இன்னும் அரை மணி நேரத்துல உள்ள கொண்டு போவாவ. வெளியவே நிப்பேன்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏ பிள்ள, நீ எப்பிடி இருக்க?"

"நான் இருக்கேன் அண்ணாச்சி," என்றேன். "அவுகதான் இல்ல."

பதினோரு வருஷத்தில் முதல் முறையாக அதைச் சொன்னேன், சொல்லிவிட்டுக் கவுண்டரிலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்ற ஆறு பேரும் என்னை அவசரப்படுத்தாமல் காத்து நின்றார்கள்.